எக்ஸ்எஃப்சிஇ தொடங்கவில்லை: ‘ஃபெயில்சேஃப் செஷன்’ பெட்டி வந்து மறுபடி லாகின் திரைக்கே போகிறது

மருதநிழல் (கேள்வி)

டெபியன் 12 லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ 4.18 டெஸ்க்டாப், லாகின் திரைக்கு லைட்-டிஎம். நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடியது. இன்று காலை கடவுச்சொல் கொடுத்ததும் ஒரு நொடி கறுப்புத் திரை, பிறகு நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ஃபெயில்சேஃப் செஷனை ஏற்ற முடியவில்லை என்று ஆங்கிலத்தில் தலைப்பு. அதன் கீழே எக்ஸ்எஃப்கான்ஃப்டி ஓடவில்லையோ, எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_டிர்ஸ் தப்போ, எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் சரியாக நிறுவப்படவில்லையோ என்று மூன்று காரணம் சொல்கிறது. ‘குவிட்’ பொத்தானை அழுத்தினால் திரும்ப லாகின் திரை.

இதுவரை செய்து பார்த்தவை: எக்ஸ்எஃப்சிஇ4, எக்ஸ்எஃப்சிஇ4-செஷன், லைட்-டிஎம் மூன்றையும் ‘--ரீஇன்ஸ்டால்’ போட்டு மறுபடி நிறுவினேன். க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். ~/.கான்ஃபிக்/எக்ஸ்எஃப்சிஇ4 ஃபோல்டருக்குப் பெயர் மாற்றி ஒதுக்கி வைத்தேன். எதற்கும் பெட்டி போகவில்லை. கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அழுத்தினால் எழுத்துத் திரை வருகிறது, அதில் லாகின் ஆக முடிகிறது.

ஹோம் ஃபோல்டரில் வேலைக் கோப்புகள் நிறைய. ஓஎஸ்ஸை மறுபடி போடாமல் வழி இருக்கிறதா?

கட்டளைக்கோடு

ஓஎஸ்ஸைத் தொட வேண்டாம். லாகின் திரை, வரைகலையைக் காட்டும் எக்ஸ்ஆர்க்கின் மேல்தான் ஓடுகிறது. அது வருகிறதென்றால் கெர்னல், கிராஃபிக்ஸ் டிரைவர், எக்ஸ்ஆர்க், லைட்-டிஎம் நாலும் நல்ல நிலையில் இருக்கின்றன. அந்தப் பெட்டியைக் காட்டுவது எக்ஸ்எஃப்சிஇ4-செஷன். ஆக அதுவும் எழுந்துவிட்டது. எழுந்ததும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, அங்கேயே நின்றுவிட்டது.

அது என்ன கேள்வி என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சேமித்து வைத்த பழைய செஷன் இல்லாதபோது எந்த நிரல்களை வரிசையாக எழுப்புவது என்று ஒரு பட்டியல் உண்டு: எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4, எக்ஸ்எஃப்செட்டிங்ஸ்டி, பேனல், துனார், எக்ஸ்எஃப்டெஸ்க்டாப். இந்தப் பட்டியலின் பெயர்தான் ‘ஃபெயில்சேஃப்’. எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் இந்தப் பெயரை எக்ஸ்எஃப்கான்ஃப்டி என்ற அமைப்புச் சேவையிடம், நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாகக் கேட்கும். அந்தச் சேவை முதலில் உங்கள் ~/.கான்ஃபிக் ஃபோல்டரில் தேடும். அங்கே இல்லாவிட்டால் எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_டிர்ஸ் மாறி காட்டும் இடங்களில் தேடும். அந்த மாறி வெறுமையாக இருந்தால் /ஈடிசி/எக்ஸ்டிஜி. பட்டியல் இருக்கும் மூலக் கோப்பு இதுதான்:

/ஈடிசி/எக்ஸ்டிஜி/எக்ஸ்எஃப்சிஇ4/எக்ஸ்எஃப்கான்ஃப்/எக்ஸ்எஃப்சிஇ-பெர்சேனல்-எக்ஸ்எம்எல்/எக்ஸ்எஃப்சிஇ4-செஷன்.எக்ஸ்எம்எல்

பெட்டியில் உள்ள மூன்று காரணங்களில் எது என்று பிரிக்க இரண்டு சோதனை போதும். (கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். மாறிகளின் பெயர் மட்டும் முழுக்கப் பேரெழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு.)

முதல் சோதனை, புதுப் பயனர். எழுத்துத் திரையில்:

சுடோ அட்யூசர் டெஸ்ட்1

பிறகு கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்7 அழுத்தி லாகின் திரைக்கு வந்து டெஸ்ட்1 பெயரில் நுழையுங்கள். டெஸ்க்டாப் வந்தால் நிறுவலில் குறை இல்லை, கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறது. அவருக்கும் அதே பெட்டி வந்தால் கோளாறு /ஈடிசி பக்கம்.

இரண்டாவது, எக்ஸ்எஃப்சிஇ கேட்கிற அதே கேள்வியை நாமே கேட்பது. எழுத்துத் திரையில் உங்கள் பெயரில் லாகின் ஆகி:

எக்ஸ்எஃப்கான்ஃப்-க்வெரி -சி எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் -பி /ஜெனரல்/ஃபெயில்சேஃப்செஷன்நேம்

கடைசிப் பகுதியில் ஃபெயில்சேஃப், செஷன், நேம் மூன்றும் பேரெழுத்தில் தொடங்கும், இடைவெளி கிடையாது. ‘ஃபெயில்சேஃப்’ என்று பதில் வந்தால் எல்லாம் சரி. அந்தப் பண்பு இல்லை என்று சொன்னால் சேவை ஓடுகிறது, ஆனால் கோப்பைக் காணவில்லை. டி-பஸ்ஸோடு பேசவே முடியவில்லை என்று வந்தால் பஸ்ஸில் கோளாறு. மூன்றில் எது வருகிறது என்று எழுதுங்கள்.

நொச்சி

டிஸ்க் நிரம்பியிருந்தாலும் லாகின் திரும்பத் திரும்ப வரும். ‘டிஎஃப் -ஹெச்’, ‘டிஎஃப் -ஐ’ இரண்டும் போட்டுப் பாருங்கள். ஈஎக்ஸ்டி4 பிரிவில் வழக்கமாக 5 சதவீத இடம் ரூட் பயனருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால் சிஸ்டம் சேவைகள் ஓடிக்கொண்டே இருக்கும், சாதாரணப் பயனரால் மட்டும் ஒரு பைட்கூட எழுத முடியாது. திரை, செஷன் அனுமதிக் கோப்புகளான ~/.எக்ஸ்அத்தாரிட்டி, ~/.ஐஸ்அத்தாரிட்டி இரண்டும் யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் ‘எல்எஸ் -எல்ஏ’ போட்டுப் பாருங்கள். சுடோ போட்டு வரைகலை நிரல் எதையாவது ஓட்டினால் சில சமயம் இவை ரூட் பெயருக்கு மாறிவிடும். /டிஎம்பி ஃபோல்டரின் அனுமதி 1777 ஆக இருக்க வேண்டும்.

கட்டளைக்கோடு

நொச்சி சொன்ன மூன்றும் சரிதான், ஆனால் அவற்றுக்கு அறிகுறி வேறு. டிஸ்க் நிரம்பினாலோ எக்ஸ்அத்தாரிட்டி ரூட் பெயரில் இருந்தாலோ பெட்டி எதுவும் வராது. கறுப்பு, உடனே லாகின் திரை, அவ்வளவுதான். பெட்டி வந்து அதில் எழுத்தும் இருக்கிறதென்றால் எக்ஸ் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள். இந்தத் திரியைப் பிறகு தேடி வருகிறவர்கள் முதலில் இந்த வேறுபாட்டைப் பாருங்கள்.

மருதநிழல்

டெஸ்ட்1 பெயரில் டெஸ்க்டாப் முழுதாக வருகிறது! டிஸ்க் 61 சதவீதம், இரண்டு அத்தாரிட்டி கோப்புகளும் என் பெயரில்தான். க்வெரி கட்டளைக்குப் பதில்: எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் சேனலில் அந்தப் பண்பு இல்லை. /ஈடிசி/எக்ஸ்டிஜி கீழே நீங்கள் சொன்ன கோப்பு இருக்கிறது, திறந்தும் பார்த்தேன், உள்ளே பட்டியல் அப்படியே இருக்கிறது. கோப்பு இருக்கும்போது ஏன் இல்லை என்கிறது?

பனையோலை

கோப்பு இருக்கிறது. அது இருக்கும் இடம் உங்கள் செஷனுக்குத் தெரியவில்லை. எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_டிர்ஸ் மாறியை ஏதோ ஒன்று மாற்றியிருக்கிறது. டெஸ்ட்1-க்கு மாறவில்லை, ஆகவே உங்கள் ஹோமில் உள்ள ஒரு தொடக்கக் கோப்புதான்.

யார் மாற்றியது என்று தேடும் முன் மாறியிருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். டிபஸ்-எக்ஸ்11 பொதி நிறுவியிருந்தால் ஒவ்வொரு லாகினிலும் டெபியன் எல்லாச் சூழல் மாறிகளையும் டி-பஸ்ஸுக்கு அனுப்பும், அனுப்பிய ஒவ்வொன்றையும் ~/.எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பில் ஒரு வரியாக எழுதியும் வைக்கும். பார்க்கச் சலிப்பான கோப்பு, ஆனால் லாகின் கோளாறுக்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

க்ரெப் எக்ஸ்டிஜி_கான்ஃபிக் ~/.எக்ஸ்செஷன்-எரர்ஸ்

பெட்டி வந்த உடனே போய்ப் பாருங்கள். அடுத்த லாகினில் லைட்-டிஎம் இந்தக் கோப்பை ‘.ஓல்டு’ என்று பெயர் மாற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

அடுத்தது, எந்தக் கோப்பு. இங்கேதான் டெபியனுக்கும் உபுண்டு வழி வந்தவற்றுக்கும் வேறுபாடு. உபுண்டு, சுபுண்டுவில் லைட்-டிஎம் ~/.புரொஃபைல் கோப்பை வாசிக்கும். டெபியனில் லைட்-டிஎம் அதை வாசிக்காது. /ஈடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷன் வழியாக ~/.எக்ஸ்செஷன்ஆர்சி கோப்பைத்தான் வாசிக்கும். ~/.பாஷ்ஆர்சி இரண்டிலும் டெஸ்க்டாப் லாகினுக்குச் சம்பந்தமில்லாதது, அது டெர்மினலுக்கு. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தேட:

க்ரெப் -என்ஆர் எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_டிர்ஸ் ~/.எக்ஸ்செஷன்ஆர்சி ~/.எக்ஸ்செஷன் ~/.புரொஃபைல் ~/.கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி

இல்லாத கோப்புக்கு ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்லும், அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ~/.கான்ஃபிக்/எக்ஸ்எஃப்சிஇ4 ஃபோல்டரை ஒதுக்கியதால் உங்கள் சொந்த அமைப்பும் இல்லாமல் போய், தேடலுக்கு /ஈடிசி/எக்ஸ்டிஜி மட்டும்தான் மிச்சம். அந்த இடமும் மறைந்திருப்பதால் ஃபோல்டரை ஒதுக்கியதில் பயன் இல்லை. அழித்துவிடாதீர்கள், திரும்பக் கொண்டுவரலாம்.

மருதநிழல்

கிடைத்துவிட்டது. ~/.எக்ஸ்செஷன்ஆர்சி மூன்றாவது வரி:

எக்ஸ்போர்ட் எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_டிர்ஸ்=$ஹோம்/.லோக்கல்/ஈடிசி

ஒரு நிரலின் பொது அமைப்பை ஹோமுக்குள் வைக்க நேற்று மாலை நான்தான் சேர்த்தேன். அந்தச் செஷனில் ஒன்றும் ஆகவில்லை, அதனால் இதைச் சந்தேகிக்கவே இல்லை. எரர்ஸ் கோப்பிலும் அதே மதிப்பு இருக்கிறது.

வரியின் முன்னால் # போட்டுச் சேமித்தேன். கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்7, கடவுச்சொல். மறுபடியும் அதே பெட்டி! க்வெரியும் அதே பதில். கோப்பை மறுபடி திறந்து பார்த்தேன், # இருக்கிறது. இப்போது என்ன?

கட்டளைக்கோடு

திருத்தம் சரி. ஆனால் பழைய மதிப்பு நினைவகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த இடத்தில் நிறையப் பேர் ‘இது காரணம் இல்லை போல’ என்று சரியான திருத்தத்தைக் கைவிட்டு, ஓஎஸ்ஸை மறுபடி போட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பயனர் முதன்முதலாக லாகின் ஆகும்போது அவருக்கென்று, சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் ஒரு சிஸ்டம்டி மேலாளர் தொடங்கும். அவர் எத்தனை முறை எத்தனை திரையில் நுழைந்தாலும் மேலாளர் ஒருவரே, டி-பஸ்ஸும் ஒன்றே. முதல் பயனர் எண் 1000 என்றால் /ரன்/யூசர்/1000/பஸ். கடைசி லாகினும் முடிந்த பிறகுதான் மேலாளர் நிற்கும், அதுவும் உடனே இல்லை, வழக்கமான அமைப்பில் 10 நொடி காத்திருந்து.

நீங்கள் எஃப்2 திரையில் லாகின் ஆன நிலையிலேயே கோப்பைத் திருத்திவிட்டு எஃப்7-க்குப் போயிருக்கிறீர்கள். எஃப்2 லாகின் உயிரோடு இருப்பதால் மேலாளரும் நிற்கவில்லை. முந்தைய தோல்வியில் உள்ளே போன தவறான மதிப்பு மேலாளரிடமும் பஸ்ஸிடமும் அப்படியே இருக்கிறது. நீங்கள் வரியை முடக்கியதால் புது லாகின் அந்த மாறியை அனுப்பாது. அனுப்பாவிட்டால் பழையது அழியாது. இருக்கிற மாறியைப் புதுப்பிக்கத்தான் மாறிகளை அனுப்பும் கட்டளைக்குத் தெரியும், இல்லாததை நீக்கத் தெரியாது. போதாததற்கு, தவறான மதிப்போடு எழுந்த எக்ஸ்எஃப்கான்ஃப்டியும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

நம்பிக்கைக்கு நேரில் பாருங்கள்:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஷோ-என்விரான்மென்ட் | க்ரெப் எக்ஸ்டிஜி

பழைய .லோக்கல்/ஈடிசி அங்கே நிற்கும். எக்ஸ்எஃப்கான்ஃப்டியின் உள்ளேயும் பார்க்கலாம். ‘பிக்ரெப் எக்ஸ்எஃப்கான்ஃப்டி’ போட்டால் ஓர் எண் வரும். 1843 என்று வைத்துக்கொண்டால்:

டிஆர் '\0' '\என்' < /ப்ராக்/1843/என்விரான் | க்ரெப் எக்ஸ்டிஜி

அந்தச் சேவை தொடங்கியபோது அதன் கையில் கொடுக்கப்பட்ட மாறிகள் வரிக்கு ஒன்றாக வரும்.

தீர்வு ஒரே கட்டளை:

சுடோ லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் உங்கள்-பயனர்-பெயர்

இது உங்கள் எல்லா லாகினையும், எஃப்2 உட்பட, மேலாளரையும் பஸ்ஸையும் சேர்த்து முடித்துவிடும். திறந்த எடிட்டர் இருந்தால் முதலில் சேமித்துவிடுங்கள். கணினியை ரீபூட் செய்தாலும் இதே பலன்தான். எக்ஸ்எஃப்கான்ஃப்டியை மட்டும் ‘பிகில்’ போட்டு நிறுத்தினால் போதாது. அடுத்த கேள்வி வந்ததும் மேலாளர் அதே பழைய மாறியைக் கொடுத்து அதை மறுபடி எழுப்பும்.

மருதநிழல்

வந்துவிட்டது! ஷோ-என்விரான்மென்ட்டில் .லோக்கல்/ஈடிசி இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். டெர்மினேட்-யூசர் போட்டேன், எஃப்2 திரை லாகின் கேட்கும் நிலைக்குப் போனது. எஃப்7-இல் கடவுச்சொல் கொடுத்ததும் டெஸ்க்டாப். பேனல் மட்டும் புதிதாக நிறுவியதுபோல் இருக்கிறது, நான் ஒதுக்கிய ஃபோல்டர்தான் காரணம். டெஸ்க்டாப்பில் இருந்தபடியே பழைய ஃபோல்டரை அதன் இடத்துக்குத் திரும்ப நகர்த்தலாமா? அந்த நிரலின் பொது அமைப்பும் எனக்கு இன்னும் தேவைப்படுகிறது.

பனையோலை

டெஸ்க்டாப் ஓடும்போது நகர்த்தாதீர்கள். எக்ஸ்எஃப்கான்ஃப்டி எல்லா அமைப்பையும் நினைவகத்தில் வைத்திருக்கும். ஏதாவது மாறும்போது தன்னிடம் உள்ளதைக் கோப்பின்மேல் எழுதிவிடும், நீங்கள் கொண்டுவந்தது போய்விடும். லாக்-அவுட் செய்து ஒரு 15 நொடி விட்டு எஃப்2-வில் லாகின் ஆகுங்கள். ‘பிக்ரெப் எக்ஸ்எஃப்கான்ஃப்டி’ ஒன்றும் காட்டவில்லை என்றால் நகர்த்தலாம். புதிதாக உருவான எக்ஸ்எஃப்சிஇ4 ஃபோல்டரை முதலில் வேறு பெயருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ‘எம்வி’ கட்டளை பழையதைப் புதியதற்கு உள்ளே கொண்டுபோய் வைத்துவிடும்.

அந்த வரி வேண்டுமென்றால் இப்படி எழுதுங்கள்:

எக்ஸ்போர்ட் எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_டிர்ஸ்="$ஹோம்/.லோக்கல்/ஈடிசி:${எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_டிர்ஸ்:-/ஈடிசி/எக்ஸ்டிஜி}"

நெளிவு அடைப்புக்குள் இருக்கும் ‘:-’ தான் இங்கே முக்கியம். மாறி ஏற்கெனவே இருந்தால் அதன் மதிப்பை எடுத்துக்கொள்ளும், வெறுமையாக இருந்தால் /ஈடிசி/எக்ஸ்டிஜி. பாத் மாறிக்குப் பழகிய கையோடு வெறுமனே $எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_டிர்ஸ் என்று பின்னால் ஒட்டினால், மாறி இல்லாத நேரத்தில் உங்கள் ஃபோல்டரும் ஒரு முக்காற்புள்ளியும் மட்டும் மிஞ்சும். இதே பெட்டிதான் திரும்ப வரும்.

வைகைக்கரை

அதே பெட்டி எனக்கும் வருகிறது, ஆனால் விஎன்சி (தொலைவில் இருந்து திரையைப் பார்க்கும் முறை) வழியாக நுழையும்போது மட்டும். கணினியின் முன்னால் உட்கார்ந்தால் ஒழுங்காக வருகிறது. எக்ஸ்டிஜி மாறி சரியாகவே இருக்கிறது. பெட்டியில் ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்றும் ஒரு வரி.

கட்டளைக்கோடு

அந்த ஒரு வரிதான் உங்களுடையதை வேறு வழக்காக்குகிறது. மருதநிழலுக்குச் சேவை ஓடியது, கோப்பு கிடைக்கவில்லை. உங்களுக்குப் பஸ்ஸே கிடைக்கவில்லை. டெர்மினலில்:

டைப் -ஏ டிபஸ்-டீமன் டிபஸ்-லாஞ்ச்

/யூஎஸ்ஆர்/பின்-க்கு முன்னால் உங்கள் ஹோமில் உள்ள ஏதாவது ஃபோல்டர் வருகிறதா பாருங்கள். அறிவியல் பணிக்கான பைத்தான் தொகுப்புகள் சில தங்களுக்கென்று ஒரு டிபஸ்-டீமன் கொண்டுவரும், ~/.பாஷ்ஆர்சி வழியாகப் பாத்தில் முதல் இடத்தில் உட்காரும். லைட்-டிஎம் பாஷ்ஆர்சியை வாசிக்காததால் நேரடி லாகினுக்குத் தொல்லை இல்லை. விஎன்சி சர்வரை டெர்மினலில் இருந்து தொடங்குவதால் அந்தப் பாத் அப்படியே உள்ளே போகிறது. தொகுப்பை நீக்க வேண்டாம். ~/.விஎன்சி/எக்ஸ்ஸ்டார்ட்அப் கோப்பை இப்படி மாற்றுங்கள்:

#!/பின்/எஸ்ஹெச்
அன்செட் செஷன்_மேனேஜர்
அன்செட் டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ்
எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்
எக்செக் டிபஸ்-லாஞ்ச் --எக்சிட்-வித்-செஷன் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4

‘சிஹெச்மாட் +எக்ஸ்’ போட்டு இயக்க அனுமதி கொடுத்துவிட்டு விஎன்சி சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள். இரண்டு அன்செட் வரிகளும் எதற்கென்றால், அதே பயனர் கணினியிலும் லாகின் ஆகியிருந்தால் விஎன்சி செஷன் அந்தப் பஸ்ஸில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது பெட்டிக்குப் பதில் வெறும் சாம்பல் திரை நிற்கும்.

நொச்சி

புதுப் பயனருக்கும் அதே பெட்டி வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. /ஈடிசி/எக்ஸ்டிஜி கீழே உள்ள அந்த எக்ஸ்எம்எல் கோப்பை யாரோ அழித்திருந்தால் ‘ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்’ அதைத் திரும்ப வைக்காது. /ஈடிசியில் உள்ள அமைப்புக் கோப்பை அழித்தது நிர்வாகியின் விருப்பம் என்றே, பொதிகளை நிறுவும் டிபிகேஜி எடுத்துக்கொள்ளும். இப்படிப் போட வேண்டும்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் -ஓ டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::="--ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்" எக்ஸ்எஃப்சிஇ4-செஷன்

டிபிகேஜி, ஆப்ஷன்ஸ் இரண்டும் பேரெழுத்தில் தொடங்கும். சமக்குறிக்கு முன்னால் இருக்கும் இரட்டை முக்காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள்.

வைகைக்கரை

டைப் -ஏ முதல் வரியிலேயே ஹோமில் உள்ள பைத்தான் ஃபோல்டர் வந்தது. எக்ஸ்ஸ்டார்ட்அப் மாற்றினேன், விஎன்சியில் பேனலோடு டெஸ்க்டாப் வருகிறது. டெர்மினல் திறந்தால் பைத்தான் தொகுப்பும் பழையபடி கிடைக்கிறது. நன்றி.

மருதநிழல்

பழைய ஃபோல்டரை எஃப்2-வில் இருந்து நகர்த்தினேன், பேனல் பழையபடி வந்துவிட்டது. பனையோலை எழுதிய வரியைப் போட்டு லாக்-அவுட் செய்து நுழைந்தேன். க்வெரி ‘ஃபெயில்சேஃப்’ என்கிறது, ஷோ-என்விரான்மென்ட்டில் இரண்டு இடங்களும் முக்காற்புள்ளியோடு இருக்கின்றன. டெஸ்ட்1 பயனரை ‘சுடோ டெல்யூசர் --ரிமூவ்-ஹோம் டெஸ்ட்1’ போட்டு நீக்கிவிட்டேன். திரியைத் தீர்ந்தது என்று குறித்துவிட்டேன்.